ஒரே திடல், இரண்டு துணிகள்

பாரிஸில் இன்று ஐஃபல் கோபுரத்தின் அடிவாரத்தில் விரிந்து கிடக்கும் ஷான் த மார்ஸ், கோபுரம் எழுவதற்கு நூறாண்டு முன்பு படைவீரர்கள் அணிவகுப்புப் பழகிய வெற்றுத் திடல். ஏழு ஆண்டு இடைவெளியில் அங்கே இரண்டு முறை ஊர் திரண்டது. 1783 ஆகஸ்ட் 27 அன்று, ஒரு பட்டு உருண்டை தானாக வானத்தில் ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டு வந்தார்கள். 1790 ஜூலை 14 அன்று, மன்னரும் மக்களும் சேர்ந்து ஓர் உறுதிமொழி எடுக்கப்போகிறார்கள் என்று வந்தார்கள். இரண்டு நாளும் நல்ல மழை. இரண்டு நாளும் கூட்டம் கலையவில்லை. தொப்பலாக நனைந்தபடியே நின்று பார்த்தது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் சூட்டோடு சூடாகப் பருத்தித் துணியில் அச்சாயின. ஒரே ஆலை அச்சிட்டது. இரண்டு வடிவங்களும் ஒரே ஓவியரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. ஆலை, வெர்சாய் அருகே ஜூயி-ஆன்-ஜோசாஸ் என்ற சிற்றூரில் கிறிஸ்தோஃப் பிலிப் ஓபர்காம்ப் நடத்தியது. ஓவியர் ழான் பத்தீஸ்த் ஹுவே. முதல் துணிக்குப் பெயர் ‘கொனேஸ் பலூன்’, 1784ஐச் சேர்ந்தது. இரண்டாவது ‘கூட்டமைப்பு விழா’, 1790–91. கட்டில் திரைக்கும் சன்னல் சீலைக்கும் நாற்காலி மெத்தைக்கும் சுவரை மூடவும் வாங்கப்பட்ட துணிகள் இவை. ஒரு வீட்டுக்காரர் காலையில் கண் விழித்ததும் எதைப் பார்க்க விரும்பினார் என்பதற்கு இவற்றைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்கத் தோன்றியது.

விரிப்பதற்கு முன்னால், துணி எப்படி உருவானது என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்துக் கதையும் அதில் இருக்கிறது.

சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸைக் கிறங்க வைத்தன. துவைத்தாலும் நிறம் போகாத பருத்தியை அங்கே யாரும் அதுவரை கண்டதில்லை. பட்டு நெசவாளரும் கம்பளி நெசவாளரும் பிழைப்புப் போகிறது என்று முறையிட, 1686இல் அரசு சீட்டியை இறக்கவும் உள்நாட்டில் அச்சிடவும் தடை போட்டது. தடை 1759 வரை, எழுபது ஆண்டுக்கு மேல், நீடித்தது. தெருவில் சீட்டி உடுத்திப் போன பெண்களுக்கு அபராதம் விதித்தார்கள். ஆசை மட்டும் அடங்கவில்லை. அந்த நாட்களில்தான் 1734 வாக்கில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு சாயக்காரரின் வேலையைக் கூடவே இருந்து பார்த்தார். கடுக்காயும் பாலும் ஊட்டுவது, படிகாரம் தீட்டுவது, சாயவேரில் கொதிக்க வைப்பது என்று ஒவ்வொரு படியும் முடிந்ததும் ஒரு துண்டு துணியை வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தக் குறிப்பும் துண்டுகளும் இன்னும் பாரிஸில் இருக்கின்றன. 1742இல் கேர்து பாதிரியாரும் இதே தொழிலை விவரமாக எழுதி அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு உண்டென்று பின்னாளில் எழுதியவரும் இவரே.

ஓபர்காம்ப் இந்தக் குறிப்புகளைப் படித்துத் தொழில் கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் ஜெர்மனியில் சாயக்காரக் குடும்பத்தில் 1738இல் பிறந்தவர். மியூல்ஹவுஸில் செதுக்குவேலை பார்த்துவிட்டுப் பாரிஸ் வந்தவர். மார்செய் துறைமுகத்து ஆர்மீனியர்கள், சுவிட்சர்லாந்துக்காரர்கள் என்று பல கைகள் வழியாகத் தொழில் அவரை எட்டியிருந்தது. ஆனாலும் அடிப்படை நம் கரையின் அடிப்படைதான்: சாயத்தைத் துணியில் பூசுவதில்லை, காரத்தைப் பூசுகிறார்கள். காரம் பட்ட இடத்தில் மட்டும் சாயம் பிடிக்கும். படிகாரம் என்றால் சிவப்பு, இரும்புக் காடி என்றால் கறுப்பு அல்லது ஊதா. நம்மூர்ச் சாயவேர் இருந்த இடத்தில் அங்கே மஞ்சிட்டி இனத்து வேர் ஒன்று வந்தது, அவ்வளவுதான். அச்சிட எடுத்த வெள்ளைத் துணியிலும் ஒரு பகுதி இந்தியாவில் நெய்து கப்பலேறி லொரியான் துறைமுகத்தில் இறங்கியதுதான்.

மாறியது கை. நம் சீட்டிக்காரர் மூங்கில் குச்சியைச் சீவி, கம்பளி நூலோ துணியோ சுற்றிய கலத்தால் ஒவ்வொரு கோடாக இழுத்தார். ஜூயியில் 1760இல் மரக்கட்டை அச்சோடு தொடங்கினார்கள். 1770 வாக்கில் செப்புத் தகடு வந்தது. தகட்டில் உளியால் மயிரிழைக் கோடுகளைக் குடைந்து, கோந்து சேர்த்துக் கெட்டியாக்கிய காரத்தைக் குழிகளில் நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, துணியை வைத்து அழுத்துவார்கள். ஒரு தகடு ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவு இருக்கலாம். மரக்கட்டையில் ஒரு பூ, ஓர் இலை என்று அச்சிட்டவர்களுக்கு இப்போது ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு கூட்டத்தையே வரைய இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை. அவ்வளவு பெரிய தகட்டின்மேல் இன்னொரு நிறத்துக்கு இன்னொரு தகட்டைப் பிசகாமல் பொருத்துவது பெரும்பாடு. அதனால் ஒரே நிறம்: வெள்ளை மேல் சிவப்பு, அல்லது ஊதா, அல்லது கறுப்பு. இன்று ‘துவால் த ஜூயி’ என்றால் எல்லார் கண்ணிலும் தோன்றும் அந்த ஒற்றை நிறத் தோற்றம் தொழிலின் இந்த நெருக்கடியிலிருந்து வந்தது. ஜூயி ஆலை தன் காலத்தில் அதிகமாக அச்சிட்டது என்னவோ பல நிறப் பூவேலைகளைத்தான்.

ஒற்றை நிறம் வேறொன்றையும் கொண்டு வந்தது. நிறத்தால் காட்ட முடியாததைக் கோட்டால் காட்ட வேண்டியிருந்தது. ஒரு குடியானவரின் சட்டை மடிப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். நெருங்கிய இணைகோடுகள் நிழலாகவும், விலகிய கோடுகள் வெயிலாகவும் மாறுகின்றன. கோடே இல்லாத வெறுந்துணி அவர் தோளின் வெளிச்சம் ஆகிறது. அதே வெறுந்துணிதான் அவர் தலைக்கு மேல் வானமும். இந்த இரண்டு துணிகளிலும் மழையைத் தேடாதீர்கள். வெள்ளைத் தரையில் எப்போதும் நல்ல வெயில்தான்.

இனிக் கொனேஸ் பலூன்.

மொங்கொல்ஃபியே சகோதரர்கள் 1783 ஜூனில் சூட்டுக் காற்றை அடைத்துப் பலூன் விட்ட செய்தி பாரிஸை எட்டியதும், ஷார்ல் என்ற இயற்பியலாளர் ஹைட்ரஜனைக் கொண்டு அதையே செய்ய முனைந்தார். ரொபேர் சகோதரர்கள் ரப்பர் கரைசல் பூசிய பட்டில் ஏறத்தாழ நான்கு மீட்டர் குறுக்களவில் உருண்டை தைத்தார்கள். ஏறக்குறைய அரை டன் இரும்பின்மேல் கால் டன் கந்தக அமிலத்தைக் கொட்டி நாட்கணக்கில் வாயு பிடித்தார்கள். ஷான் த மார்ஸிலிருந்து மழையில் ஏறிய பலூன் முக்கால் மணி நேரம் பறந்து, இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் கொனேஸ் ஊர்ப்பக்கம் விழுந்தது. ஆள் இல்லாத உருண்டை. விழுந்த பின்னும் உள்ளே மிச்ச வாயு இருந்ததால் மூச்சு விடுவதுபோல் அசைந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் வைக்கோல் வாரும் கவையையும் கத்தியையும் எடுத்து வந்து குத்தினார்கள். கிழிந்ததும் நாற்றம் வந்தது. அச்சம் இன்னும் கூடியது. கடைசியில் குதிரை வாலில் கட்டி வயலெல்லாம் இழுத்தார்கள். அரசு பிறகு ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது: வானத்தில் இப்படி ஓர் உருண்டை தெரிந்தால் அஞ்ச வேண்டாம் என்று.

துணியின் ஒரு காட்சி இந்தத் தாக்குதல். இன்னொரு காட்சி அதே ஆண்டு டிசம்பர் 1இல் துய்லெரி தோட்டத்திலிருந்து ஷார்லும் ரொபேர்களில் ஒருவரும் தாங்களே பலூனில் ஏறிப் பறந்தது. இந்த முறை இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம். ஆக ஒரே துணியில் ஒரு விழுதலும் ஓர் ஏறுதலும். ஏறுகிறவர்கள் நகரத்துக் கனவான்கள். விழுந்ததை அடிக்கிறவர்கள் நாட்டுப்புறத்து ஏழைகள். துணி எந்தப் பக்கம் நின்று பார்க்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கொனேஸ்காரர்களின் பீதியை வரைந்த அச்சுப்படங்கள் அப்போது பாரிஸில் விற்றன. கடைத்தெருவில் சிரிப்பூட்டிய படத்தைத்தான் ஹுவே படுக்கையறைக்குக் கொண்டுவந்தார். அவர் விலங்குகளையும் மேய்ச்சல் காட்சிகளையும் வரைந்து பெயர் வாங்கியவர். குடியானவர் உடம்பு எப்படி வளையும், கை எப்படி ஓங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அதனால் அந்த உருவங்களில் வெறுப்பு இல்லை. ஆனால் மேலிருந்து கீழே பார்க்கும் ஒரு புன்னகை இருக்கிறது.

கொனேஸ் என்ன ஊர் என்று யோசித்தால் அந்தப் புன்னகை உறுத்துகிறது. பாரிஸ் நகரம் நல்ல ரொட்டிக்காக நெடுங்காலம் நம்பியிருந்த ஊர் அது. ‘கொனேஸ் ரொட்டி’ என்பது தலைநகரில் ஒரு தரத்தின் பெயராக இருந்தது. கட்டில் திரையில் அவர்களைப் பார்த்துச் சிரித்த குடும்பங்களின் காலையுணவு மேசைக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு இருந்தது. மேலும் அவர்கள் செய்ததில் அறியாமை எவ்வளவு? முன்பின் யாரும் பார்த்திராத ஒரு பொருள், அசைந்துகொண்டு, நாறிக்கொண்டு, பயிர் நிலத்தில் வந்து விழுகிறது. முன்கூட்டி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அறிவிப்பு வந்தது பலூன் கிழிந்த பிறகு. கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு வயலைக் காக்க ஓடியவர்களாகவும் அவர்களை வரைந்திருக்கலாம்.

ஆறே ஆண்டுகள். அதே ஆலையின் இன்னொரு தகட்டில் அதே மாதிரியான கைகள் இன்னொரு பெரிய பொருளை உடைக்கின்றன. இந்த முறை அது பாஸ்டில் சிறை.

‘கூட்டமைப்பு விழா’ துணியைப் பார்த்ததும் என்னை நிறுத்தியது இந்த ஒற்றுமைதான். உயரத்தில் ஓங்கிய கருவி, வளைந்த முதுகு, காலடியில் சிதறிய துண்டுகள். பலூன் துணியில் கவை, இங்கே கடப்பாரை. அங்கே உடைப்பது நகைப்புக்குரிய செயல், இங்கே உடைப்பது ஒரு நாட்டின் பெருமை. ஹுவேயின் கோடு மாறவில்லை, இணைகோட்டு நிழல் மாறவில்லை, வெள்ளைத் தரை மாறவில்லை. பார்க்கிற கண் இடம் மாறிவிட்டது. மேலிருந்து பார்த்த கண் தரையில் இறங்கிக் கூட்டத்துக்குள் நிற்கிறது.

விழா நடந்த விதமும் அப்படித்தான். பாஸ்டில் விழுந்ததன் முதலாண்டு நிறைவுக்கு ஷான் த மார்ஸைச் சுற்றி மண்மேடு எழுப்பி அரங்காக்க வேண்டியிருந்தது. கூலியாட்கள் போதவில்லை. பாரிஸ் மக்கள் தள்ளுவண்டிகளோடு தாங்களே வந்து மண் சுமந்தார்கள். துறவிகளும் சீமாட்டிகளும் மீன்காரிகளும் ஒரே வரிசையில் என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். விழா நாளில் ஆயர் தலேரான் மழைக்கு நடுவே திருப்பலி நிறைவேற்றினார், படைத்தலைவர் லஃபாயெத் தாய்நாட்டின் பலிபீடத்தில் உறுதிமொழி எடுத்தார், 16ஆம் லூயி அரசியல் சட்டத்தைக் காப்பதாகச் சொன்னார். பாஸ்டில் இடிபாட்டின் மேல் விளக்குகள் கட்டி ஆடினார்கள். துணியில் பலிபீடமும் உறுதிமொழியும் இடிபடும் சிறையும் தனித்தனித் தீவுகளாக மிதக்கின்றன.

இந்தத் தீவு அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இரண்டு துணிகளும் வரலாற்றை ஒரே விதமாகத்தான் துண்டு போடுகின்றன. ஒரு மண்திட்டு, அதில் இரண்டு மரம், சில மனிதர்கள், சுற்றிலும் வெண்மை, பிறகு அடுத்த திட்டு. முன்பின் கிடையாது. நம் கோயில்களில் தொங்கவிட்ட கலம்காரித் திரைகளில் இராமாயணம் வரிசை வரிசையாகப் போகும். வரிசைக்குக் கீழே தமிழிலோ தெலுங்கிலோ எழுத்து இருக்கும். கதைசொல்லி கோலால் சுட்டிச் சொல்லிக்கொண்டு போகலாம். தொடக்கம் உண்டு, பட்டாபிஷேகம் உண்டு. ஜூயித் துணியில் அந்த நடை சாத்தியமில்லை. ஒரு மீட்டருக்கு ஒருமுறை எல்லாம் மறுபடி வரும். திரையை எந்த உயரத்தில் வெட்டினாலும், நாற்காலிக்கு எந்தத் துண்டை எடுத்தாலும் ஏதோ ஒரு காட்சி முழுதாகக் கிடைக்க வேண்டும். துணி வியாபாரத்தின் தேவை அது.

இந்த அமைப்பு பலூனுக்குப் பொருந்துகிற அளவுக்கு விழாவுக்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். பலூன் என்பதே வெட்டவெளியில் தனியாக மிதப்பது. துணியின் வெண்மை அதற்கு இயல்பான வானமாக அமைந்துவிடுகிறது. தீவுகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் பறந்த தூரமாகத் தோன்றுகிறது. பலூன் மறுபடி மறுபடி ஏறுவதும் கண்ணுக்குச் சுகமாகவே இருக்கிறது. கூட்டமைப்பு விழாவின் உயிரோ நெரிசலில் இருந்தது. லட்சக்கணக்கானோர் தோளோடு தோள் உரச நின்ற நாள் அது. அந்த நெருக்கம்தான் செய்தி. தகட்டில் அது பத்துப் பதினைந்து உருவங்களாகச் சுருங்கி, காற்றோட்டமான தோட்டத்துக் காட்சி போலாகிவிடுகிறது. பாஸ்டிலின் கல்லும் மேய்ச்சல் நிலத்துப் பாறையும் ஒரே சாயலில் இருக்கின்றன. ஹுவே எவ்வளவு அக்கறையோடு வரைந்திருந்தாலும், ஆட்டு மந்தைக்கு ஏற்ற ஒரு வடிவத்தில் ஒரு புரட்சியைப் பொருத்தப் பார்த்தார். பலூன் துணியைக் கலையாகவும், விழாத் துணியை ஆவணமாகவும் நான் மேலாக மதிக்கிறேன்.

யார் வாங்கினார்கள் என்பதையும் மறக்கலாகாது. செப்புத் தகட்டுத் துணி வசதியுள்ளவர்களின் பொருள். மண் சுமந்த மீன்காரியின் வீட்டில் அந்தத் திரை தொங்கியிருக்க வழியில்லை. ஆனால் துணியைச் செய்த கைகளில் பெரும்பாலானவை அவளைப் போன்றவர்களுடையவையே. இதற்கும் ஹுவேயின் தகடு ஒன்றே சாட்சி சொல்கிறது. 1783இல் அவர் ஜூயிக்காக வரைந்த ‘ஆலையின் வேலைகள்’ என்ற துணியில் பியேவ்ர் ஆற்றில் துணி அலசுகிறவர்கள், புல்வெளியில் விரித்து வெளுக்கிறவர்கள், அச்சு மேசை, செப்புத் தகட்டு அழுத்தி, தூரிகையால் நிறம் தொட்டு நிரப்பும் பெண்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அச்சுக்காரரின் பக்கத்தில் நின்று நிறப்பெட்டியைத் தடவிக் கொடுக்கும் சிறுவர்களும் அந்த ஆலையில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். கொனேஸ்காரர்களின் பீதியைத் துணியில் அழுத்தி, சாயத்தொட்டியில் புரட்டி, வெயிலில் காயவைத்தவர்கள் இவர்களே. பக்கத்து ஊர்க்காரர்களைப் போன்ற முகங்களைப் பார்த்தபடி அவர்கள் அந்தத் துணியை மடித்திருப்பார்கள். அப்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு எந்தத் தகடும் இல்லை.

துணிகளின் பிற்காலம் இரண்டுக்கும் வேறு வேறாக அமைந்தது. பலூனுக்கு நேர்ந்தது எளிது: புதுமை பழகிப்போனது, பிறகு இனிய பழமையானது. அதில் யாருக்கும் ஆபத்தில்லை. விழாத் துணியின் மை உலர்வதற்குள் காலம் தலைகீழானது. 1791 ஜூனில் மன்னர் இரவோடு இரவாகத் தப்பியோடி வாரென் ஊரில் பிடிபட்டார். அடுத்த மாதம் 17ஆம் தேதி, அதே ஷான் த மார்ஸில், அதே பலிபீடத்தின் அருகே, மன்னரை நீக்கக் கோரும் மனுவில் கையெழுத்திடக் கூடியவர்கள்மேல் தேசியக் காவற்படை சுட்டது. அதன் தலைவர், முந்தைய ஆண்டு அங்கே உறுதிமொழி எடுத்த லஃபாயெத். 1793 ஜனவரியில் மன்னரின் தலை விழுந்தது. ‘பிரெஞ்சுச் சுதந்திரத்தை மீட்டுத் தந்தவர்’ என்று 1789 ஆகஸ்டில் சட்டமன்றம் அவருக்குக் கொடுத்த பட்டத்தைப் பெயராகத் தாங்கிய ஒரு துணியும் ஜூயியில் அச்சாகியிருந்தது. காகிதப் படமானால் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம். கட்டிலைச் சுற்றித் தொங்கும் பல மீட்டர்ச் சீலையில் ஒரே காட்சி மீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். அதை வைத்திருந்த வீடுகளின் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஓபர்காம்ப் இந்தக் காலத்தை நீந்திக் கடந்தார். 1787இல் மன்னரிடம் பிரபுப் பட்டம் வாங்கியவர், 1790இல் ஊர் மேயரானார், 1806இல் ஆலைக்கு வந்த நெப்போலியனிடம் லெஜியோன் தொனேர் விருதும் பெற்றார். 1797இல் செப்பு உருளை வந்த பிறகு வேகம் பெருகியது. ஆனால் உருளையின் சுற்றளவு சிறியது, பெரிய தகட்டின் அகன்ற காட்சிகளுக்கு அதில் இடம் குறைவு. அவர் 1815இல் இறந்தார். ஆலை 1843இல் மூடப்பட்டது. இன்று ஜூயியில் அதற்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

ஜூயித் துணியின் தலைப்பில் ஒரு முத்திரை இருக்கும். நீள்சதுரக் கட்டத்துக்குள் ஓபர்காம்பின் பெயர், ஊர், வெர்சாய்க்கு அருகே என்ற குறிப்பு, கடைசியில் ‘போன் தேன்’ என்ற இரண்டு சொல். கெட்டிச் சாயம் என்று பொருள். துவைத்தால் போகாது என்று வாங்குகிறவருக்குத் தரும் உறுதி. 1783இல் ‘அரச ஆலை’ என்ற தகுதி கிடைத்தபின் அச்சொல்லும் கட்டத்துக்குள் ஏறியது. பெரும்பாலும் தையற்காரர் முதலில் வெட்டி எறிவது இந்தத் தலைப்பைத்தான். வெட்டாமல் தப்பிய துண்டுகளில் எழுத்து இன்றும் தெளிவாகத் தெரிகிறது. முடியாட்சி போன பின் அச்சான துணிகளின் கட்டத்தில் ‘அரச’ இல்லை. ‘போன் தேன்’ இருக்கிறது.